பத்துப் பொருத்தமும் ஒரு வில்லையும்

மட்டக்களப்பிலிருந்து வாசகி ஒருவர் வரைந்த கடிதம் இரண்டு கிழமையாக எமது மேசைமீது கிடக்கின்றது. அவருடைய மகன் படம்பிடிக்குந் தொழிலிற் பிரியங் கொண்டவன். கையிற் பழைய நிக்கொன் கமரா ஒன்று உண்டு. கண்ணாடி மேலெழுந்து தாழும் வகையைச் சேர்ந்தது. கொழும்பில் எவரோ ஒருவர் கனன் கம்பனியாரின் 85 மில்லிமீற்றர் வில்லை ஒன்றை விற்க இருக்கின்றாராம். துவார எண் 1.2, விளக்கு வெளிச்சத்திலும் படம் பிடிக்குமாம், அதனைத் தூக்கிக்கொண்டு கலியாண வீட்டிற்குட் போனால் மற்றப் படப்பிடிப்பாளர் எல்லாரும் வழிவிட்டு நிற்பராம். "நிக்கொன் பெட்டிக்குக் கனன் வில்லை பொருந்துமா?" என்று பையன் கேட்டதற்கு, "ஒரு வளையம் சும்மா தருகிறேன், அதைப் போட்டால் எதற்கும் எதுவும் பொருந்தும்" என்று விடை வந்திருக்கின்றது. தாயாரிடம் இருப்பது ஒரேயொரு சங்கிலி. அதனை அடகு வைக்கலாமா என்பதே கேள்வி.

வில்லை என்று நாம் எழுதுவது வகுப்பறைப் பழக்கம்; கடைக்காரர் லென்ஸ் என்பர், வளையத்தை அடப்டர் என்பர். பெயர் எதுவாயினும் ஆகுக. இக்கேள்வி எமது நெஞ்சைத் தொட்டமைக்குக் காரணம் உண்டு. இதே பிழையை நாமே ஒருமுறை செய்தோம். எமது பணத்தில் அன்று. பிறருடைய அன்பிற் செய்தோம்.

கலியாணம் பேசுவோர் சாத்திரியாரிடம் சென்று இரு குறிப்பையும் நீட்டுகின்றனர். அவர் தினம், கணம், யோனி, இராசி என்று விரல் மடித்துக்கொண்டு வருவார். எட்டுப் பொருத்தம் உண்டு, ஒன்பது உண்டு என்று வீட்டார் முகம் மலரும். ஆயின் இரச்சுப் பொருத்தம் இல்லையெனின் அவர் ஓலையை மடித்துத் திருப்பித் தந்துவிடுவார். வில்லைக்கும் பெட்டிக்கும் பொருத்தம் பார்ப்பதும் ஏறக்குறைய இவ்வாறே. பூட்டின் வடிவம், துவாரத்தை இயக்கும் நெம்பு, மின்னிணைப்பு, ஒளிவட்டத்தின் அகலம் எனப் பொருத்தங்கள் பல. அவற்றுட் சிலவற்றுக்குப் பரிகாரம் உண்டு. பரிகாரம் இல்லாதது ஒன்று உண்டு; அது ஒரு தூரம்.

வில்லையின் வழியாகச் செல்லும் ஒளி அதற்குப் பின்னே குறித்த ஓரிடத்திலேதான் தெளிவான பிம்பமாக விழும் என்பது பள்ளிக்கூடத்திற் படித்தவர் அனைவரும் அறிந்தது. அவ்விடத்திலே படச்சுருளோ, இக்காலத்து இலத்திரனியற் தகடோ இருத்தல் வேண்டும். ஆகையால் ஒவ்வொரு கம்பனியாரும் பெட்டியின் வாயிலிருந்து தகடு வரையுள்ள தூரத்தை ஒரு விதியாக நிருணயித்து, அதற்கிணங்கவே தம் வில்லைகளை ஆக்குகின்றனர். நிக்கொன் கண்ணாடிக் கமராக்களுக்கு அத்தூரம் 46.5 மில்லிமீற்றர். கனன் கம்பனியாரின் 1987 ஆம் ஆண்டுப் பூட்டாகிய ஈ.எவ். வகைக்கு 44, அதற்கு முந்திய எவ்.டி. வகைக்கு 42. ஜேர்மனியரின் லைக்கா எம் வகைக்கு 27.8 மாத்திரமே, அதனுள்ளே அசையுங் கண்ணாடி கிடையாது, ஆதலால் அதற்கு இடம் விடவேண்டியதுமில்லை.

இவ்விதி எவ்வளவு நுண்ணியது என்பதற்கு லைக்காவின் வரலாறே சான்று. ஒஸ்கார் பர்னாக் என்ற பொறியியலாளர் வகுத்த அச்சிறு கமரா 1925 ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தபோது அதன் வில்லை கழற்ற முடியாதது. 1930 இற் கழற்றி மாற்றக்கூடிய பெட்டி வந்தது. ஆனால் அக்காலத்தில் ஒவ்வொரு பெட்டியின் ஆழமும் ஓரிம்மி வேறுபட்டமையால், வாங்கியவர் மேலதிக வில்லைகளை அப்பெட்டிக்கென்றே தொழிற்சாலையிற் பொருத்தம் பார்த்துப் பெற வேண்டியிருந்தது. பெட்டியின் இலக்கத்தின் கடைசி எண்களை வில்லையிலும் பொறித்தனர். அண்ணன் பெட்டியின் வில்லை தம்பி பெட்டிக்கு ஆகாது! 1931 இலேதான் 28.8 மில்லிமீற்றர் என்ற ஒரே அளவு எல்லாப் பெட்டிகளுக்கும் விதிக்கப்பட்டது. அவ்விதிக்கு உட்பட்ட பெட்டியின் வாயில் '0' என்ற அடையாளம் இட்டார்கள். தனித்தனிக் கமரா என்ற நிலை போய் ஒரு கமரா முறை என்ற நிலை வந்தது இவ்விடத்திலேதான் என்பது எமது எண்ணம்.

இனி வளையத்தின் சங்கதிக்கு வருவோம். கால் கட்டையான கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தலாம். கால் நெடிய கட்டிலைத் தாழ்த்துவதற்கு நிலத்தைத் தோண்டவா முடியும்? வளையம் என்பது செங்கல். அது தூரத்தைக் கூட்டும், குறைக்க மாட்டாது. ஆகவே நெடுந்தூரத்துக்கென ஆக்கப்பட்ட வில்லையைக் குறுந்தூரப் பெட்டியிற் பூட்டலாம்; மறுவழி செல்லாது. நிக்கொனின் 46.5 இற்கும் கனன் ஈ.எவ். பெட்டியின் 44 இற்கும் இடையே 2.5 மில்லிமீற்றர் உண்டு. அந்த இடைவெளியில் ஒரு மெல்லிய வளையத்தை வைத்து நிக்கொன் வில்லையைக் கனன் பெட்டிக்குக் கொடுத்துவிடலாம். கனன் வில்லையை நிக்கொன் பெட்டிக்குக் கொடுக்க இயலாது. எங்கள் பக்கத்தில் மாற்றுக் கலியாணம் என்று ஒன்று உண்டு; இவ்வீட்டுப் பெண் அவ்வீட்டுக்கு, அவ்வீட்டுப் பெண் இவ்வீட்டுக்கு. கமரா உலகில் மாற்றுக் கலியாணம் இல்லை. ஒரு வீடு கொடுக்கும், மறு வீடு எடுக்கும், அவ்வளவே.

எமது கதையையும் சொல்லிவிடுகின்றோம். எமது கல்லூரியிற் பயின்று ரொறன்ரோவிற் குடியேறிய ஒருவர் அங்கே பகலில் ஆலைவேலையும் வார இறுதிகளிற் படப்பிடிப்புமாக வாழ்ந்தவர். மேலதிக நேர வேலைப் பணத்தைச் சேர்த்து அவர் வாங்கிய வில்லை, கனன் எவ்.டி. 85 மில்லிமீற்றர், துவார எண் 1.2, எல் வகை. 1980 இல் அக்கம்பனியார் வெளியிட்டது. அவர் காலமான பின் 2011 இல் அவருடைய மனைவியார் எமக்கு எழுதினார்: "இதை விற்க மனம் இல்லை. கல்லூரிப் பிள்ளைகள் இதனாற் படம் பிடித்தால் அவருக்கு ஆறுதல். உங்கள் கமராவுக்குப் பொருந்துமா?" எமது படப்பிடிப்புச் சங்கத்திடம் அப்போது கனன் ஈயோஸ் வகை இலத்திரனியற் கமரா ஒன்று இருந்தது. இதுவுங் கனன், அதுவுங் கனன்; பின்னென்ன? "தாராளமாகப் பொருந்தும், பரிசளிப்பு விழாவிற் பிடித்து முதற்படத்தைத் தங்களுக்கே அனுப்புவோம்" என்று யோசனையின்றி மறுமொழி வரைந்தோம்.

வில்லை வந்து சேர்ந்தது. முன்முகம் ஒரு சிறு கிண்ணம் போல அகன்றது. கையில் எடுத்தாற் பாரம் தெரியும். உள்ளே பார்த்தால் ஊதாவும் பொன்னிறமும் கலந்து ஒளிரும். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். பெட்டியில் வைத்துத் திருகினால் வாய் ஒத்துவரவில்லை. ஒரு வளையம் வருவித்தோம். பூட்டியது. மாணவன் ஒருவன் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தான், அழகான தெளிவு. விழா மேடையைப் பார்த்தான். அதிபரும் பிரதம விருந்தினரும் பாலாடை படர்ந்தது போல நின்றார்கள். எவ்வளவு திருகியும் மேடை தெளியவில்லை. இருபத்தைந்து அடி தூரந்தான்!

அன்றிரவு கரும்பலகையிலே கணக்குப் போட்டுப் பார்த்தோம்; முன்னரே போட்டிருக்க வேண்டிய கணக்கு. வில்லையைத் தன் இடத்திலிருந்து இரண்டு மில்லிமீற்றர் முன்னே தள்ளிவிட்டால் அது காணக்கூடிய மிகத் தொலைவு எவ்வளவு? குவியத்தூரத்தை அதனாலேயே பெருக்கி, தள்ளிய தூரத்தால் வகுக்க வேண்டும். 85 ஐ 85 ஆற் பெருக்க 7225. இரண்டால் வகுக்க 3612 சொச்சம் மில்லிமீற்றர். குவியத்தூரத்தையும் கூட்டினால் ஏறத்தாழ 3.7 மீற்றர், அதாவது பன்னிரண்டு அடி. எவ்.டி. வில்லைக்கு 42 வேண்டும். ஈயோஸ் பெட்டி தருவது 44. வளையத்தின் சொந்தத் தடிப்பையும் சேர்த்தால் அந்தப் பன்னிரண்டு அடியும் குறையும். இரண்டு மில்லிமீற்றர் என்பது ஒரு ரூபா நாணயத்தின் தடிப்பளவு. அந்த நாணயத்தளவு இடைவெளிதான் பன்னிரண்டு அடிக்கு அப்பாலுள்ள உலகம் முழுவதையும் மறைத்தது.

ஒரே கம்பனியின் பழைய வில்லை புதிய பெட்டிக்குப் பொருந்தாமற் போனதேன்? 1987 ஆம் ஆண்டு கனன் கம்பனியார் செய்த முடிவு அது. தானே தெளிவைத் தேடிக்கொள்ளும் வில்லைகளை ஆக்க எண்ணியபோது, அவர்கள் பழைய பூட்டைத் திருத்தி ஒட்டுப்போடாமல் முற்றாகக் கைவிட்டனர். நெம்பும் கொளுக்கியும் நீக்கப்பட்டு, பெட்டியும் வில்லையும் மின்குறிப்புகளால் மாத்திரமே பேசிக்கொள்ளும்படி ஆயிற்று. வாயின் விட்டமும் 48 மில்லிமீற்றரிலிருந்து 54 ஆக அகன்றது. பொறியியல் நோக்கில் அது சிறந்த முடிவு என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின. ஆனால் அதுவரை வருடக்கணக்கான உழைப்பை எவ்.டி. வில்லைகளிற் கொட்டியவர்களுக்கு? நீண்ட குவியத்தூர வில்லைகள் சிலவற்றுக்காகக் கண்ணாடி பதித்த மாற்றுக்குழல் ஒன்றைக் கனன் வெளியிட்டது; அது பிம்பத்தை 1.26 மடங்கு பெரிதாக்கித் தூரக்குறையை ஈடுசெய்தது. தொழில்முறைப் படப்பிடிப்பாளர் சிலருக்கு அது உதவியது. 85 மில்லிமீற்றர் வைத்திருந்தவர் ரொறன்ரோ அன்பரைப்போலப் பழைய பெட்டியோடு பழைய வில்லையைக் காப்பாற்றிக்கொண்டார்.

இதற்கு மாறான நடத்தையும் உண்டு. 1954 இல் லைக்காவினர் திருகுமரையை விட்டு எம் என்னும் புதிய பூட்டுக்கு மாறியபோது, பழைய 28.8 ஐ வேண்டுமென்றே ஒரு மில்லிமீற்றர் குறைத்து 27.8 ஆக்கினர். அந்த ஒரு மில்லிமீற்றர் எதற்கென்றால், பழைய வில்லைகளுக்கு ஒரு மெல்லிய வளையம் இட்டுப் புதிய பெட்டியில் அமர்த்துவதற்காகவே. பழைய வாடிக்கைக்காரனுக்கென ஒரு மில்லிமீற்றர் ஒதுக்கிவைத்த அந்தப் பொறியியலாளரை நாம் மனத்தாற் கும்பிட்டதுண்டு.

கண்ணாடி பதித்த மலிவு வளையங்கள் இன்றும் கடைகளில் உண்டு. எமது மாணவர் ஒருவர் அதையும் வாங்கிப் பூட்டிப் பார்த்தார். தொலைவு தெளிந்தது உண்மை; ஆயின் படம் நீராவிக்கூடாகப் பார்ப்பது போலிருந்தது. பெருந்தச்சன் செதுக்கிய சிலைக்கு முன்னால் முகம்பார்க்கும் கண்ணாடித் துண்டை வைத்தாற் சிலை என்ன செய்யும்? துவாரத்தை முழுதுந் திறந்து பிடிப்பதற்கென்றே வாங்கப்பட்ட வில்லை அது. முழுதுந் திறந்தாலே மங்குகின்றதென்றால் வைத்திருந்து பயனில்லை.

வில்லை அலுமாரிக்குட் போயிற்று. அம்மையார் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் வாழ்த்து அனுப்புவார், கடைசி வரியிற் "படம் பிடித்தீர்களா?" என்றிருக்கும். நாம் கல்லூரிச் செய்திகளை எழுதி அவ்வரிக்கு விடை எழுதாமல் விட்டோம். 2016 இல் எடுத்துப் பார்த்தபோது உட்புற ஓரத்தில் சிலந்திவலை போல வெண்ணிழைகள். எமது ஈரக்காற்றிற் பூஞ்சணம் பிடித்துவிட்டது. கொழும்பில் ஒரு கைவினைஞர் கழற்றித் துடைத்துத் தந்தார். அதன்பின் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு பிஸ்கற் தகரமொன்றில் அதனை அடைத்து வைத்தோம்.

எமது குறையைச் சொல்லுமிடத்து, வேற்றுப் பெட்டியில் வேற்று வில்லை பூட்டியதனாலே பெருநன்மை விளைந்த ஒரு வரலாற்றையும் சொல்லாது விடலாகாது. அமெரிக்க 'லைவ்' சஞ்சிகையின் படப்பிடிப்பாளர் டேவிட் டக்ளஸ் டங்கன் 1950 இல் தோக்கியோவில் இருந்தார். மிக்கி ஜூன் என்னும் யப்பானிய இளைஞர் தமது லைக்காவில் உள்ளூர் வில்லையாகிய நிக்கோர் 85 மில்லிமீற்றரைப் பூட்டி டங்கனைப் படம் பிடித்தார். படத்தின் கூர்மையைக் கண்டு டங்கன் வியந்து, அவ்வில்லையை ஆக்கிய நிப்பொன் கொகாக்கு கம்பனிக்கே நேரிற் சென்று சோதித்துப் பார்த்து, தமது ஜேர்மன் பெட்டிகளுக்கு யப்பானிய வில்லைகளைப் பூட்டிக்கொண்டார். சில நாளிற் கொரியப் போர் மூண்டது. அவர் அங்கிருந்து அனுப்பிய படங்கள் அவ்வில்லைகளாற் பிடிக்கப்பட்டவை. அவ்வாண்டு முடிவதற்குள் அமெரிக்கப் பத்திரிகைகள் யப்பானிய வில்லைகளைப் பற்றிப் பேசத் தொடங்கின. அந்நாள்வரை யப்பானியச் சரக்கென்றாற் போலி என்பதே மேனாட்டார் எண்ணம். நிப்பொன் கொகாக்கு லைக்காவின் திருகுமரைக்கும் பொருந்தும்படி வில்லைகளை ஆக்கியிராவிடில் டங்கனின் கையில் அவை ஏறியிரா. அக்கம்பனியே பின்னர் நிக்கொன் எனப் பெயர் கொண்டது.

ஆனாற் பூட்டு ஒன்றாயிருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் அதே நிக்கொன் சான்று தருகின்றது. அக்காலத்து நிக்கொன் தூரமானிக் கமராக்கள் ஜேர்மனியின் கொன்ராக்ஸ் பூட்டைப் பின்பற்றியவை. கொன்ராக்ஸ் வில்லை நிக்கொனிற் பூட்டும். சத்தமும் சரியாகவே கேட்கும். அகன்ற காட்சி வில்லையெனிற் குறை தெரியாது. நீண்ட வில்லையெனின் தூரமானி ஒன்றைச் சொல்ல வில்லை வேறொன்றைக் காணும். வில்லையை முன்னும் பின்னும் நகர்த்தும் திருகின் கணக்கில் இரு கம்பனியாருக்கும் சிறு பின்னம் வேறுபட்டதே காரணம். பூட்டவே பூட்டாத வில்லை ஏமாற்றுவதில்லை. பூட்டிக்கொண்டு தெளிவு தப்பும் வில்லையே ஆபத்தானது. படச்சுருளைக் கழுவிய பின்னரன்றோ பிழை தெரியவரும்!

பெட்டியையே வில்லைக்குப் பலி கொடுத்த கதையும் ஒன்றுண்டு. கார்ல் சைஸ் நிறுவனத்தார் 1966 இல் நாசாவின் அப்பலோத் திட்டத்துக்காகத் துவார எண் 0.7 கொண்ட 50 மில்லிமீற்றர் பிளானர் வில்லைகள் பத்து ஆக்கினர். ஆறு நாசாவுக்கு, ஒன்று தமக்கு, எஞ்சிய மூன்றையும் வாங்கியவர் திரைப்பட நெறியாளர் ஸ்டான்லி குப்ரிக். பதினெட்டாம் நூற்றாண்டுக் கதையாகிய 'பரி லின்டன்' என்னும் படத்தில் மாளிகைக் காட்சிகளை மெழுகுதிரி வெளிச்சம் ஒன்றினாலேயே பிடிக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். எட் டிஜூலியோ என்ற பொறியியலாளரிடம் வில்லையைக் கொடுத்து, தமது மிச்செல் கமராவிற் பூட்டித் தரும்படி கேட்டார். அளந்து பார்த்தாற் பின் வில்லை படச்சுருளிலிருந்து ஏறக்குறைய நான்கு மில்லிமீற்றரில் நிற்க வேண்டும்! திரைப்படக் கமராவில் அவ்விடத்திலே ஷட்டர் சுழலுகின்றது. நல்ல வேளையாக அது நோக்குங் கண்ணாடி இல்லாத பழைய வகை. டிஜூலியோ பெட்டியின் உடலைக் குடைந்தெடுத்து, ஷட்டரின் ஒரு தகட்டை நீக்கி வில்லையை உள்ளே இறக்கினார். இதைச் செய்தால் அக்கமரா வேறெந்த வில்லைக்கும் உதவாது என்று முன்கூட்டியே எச்சரித்தும் இருந்தார். குப்ரிக் கவலைப்படவில்லை. காட்சியின் அகலம் போதாமையால் வில்லையின் முன் வேறொரு துணைவில்லையும் இட்டு ஒன்றை 36.5 மில்லிமீற்றராகவும் மாற்றினர்.

துவாரம் அத்துணை அகன்றால் தெளிவின் ஆழம் மிகக் குறையும். நடிகர் நாற்காலியிற் சற்றே சாய்ந்தாலும் முகம் மங்கிவிடும். ஆகையால் பக்கவாட்டிலிருந்து ஒரு தொலைக்காட்சிக் கமராவை வைத்து, நடிகர் எவ்வளவு முன்னே பின்னே அசைகின்றார் என்பதை அதன் திரையிற் பார்த்துக்கொண்டே வில்லையைத் திருகினார்கள். 1975 இல் வெளிவந்த அப்படத்தின் ஒளிப்பதிவாளர் ஜோன் அல்கொற் ஒஸ்கார் பரிசு பெற்றார். அக்காட்சிகளைக் கண்டவர் மெழுகின் மணம் வருவதுபோல இருந்தது என்பர். நாமும் அப்படியே உணர்ந்தோம்.

எமது பிஸ்கற் தகரத்துக்குத் திரும்புவோம். கண்ணாடிக்கென விட்ட இடமே தூரத்தைக் கூட்டியது என்றோம் அன்றோ? பின்னர் கண்ணாடியையே நீக்கிவிட்ட பெட்டிகள் தோன்றின. 2008 இற் சிறு தகட்டுடனும், 2013 இற் சோனியினரிடமிருந்து முழுத் தகட்டுடனும் அவை வந்தன. சோனியின் தூரம் 18 மில்லிமீற்றர். 2018 இல் நிக்கொனும் கனனும் அவ்வழியே திரும்பின. நிக்கொன் இசெட் வகைக்கு 16, கனன் ஆர்.எவ். வகைக்கு 20. இதனால் விளைந்ததை எண்ணிப் பாருங்கள். கட்டிலின் கீழே தோண்டவேண்டிய நிலம் தானாகவே தாழ்ந்துவிட்டது! 42 வேண்டிய எவ்.டி. வில்லைக்கும் 20 தருகின்ற பெட்டிக்கும் இடையே 22 மில்லிமீற்றர் வெற்றிடம். உள்ளே கண்ணாடி எதுவுமற்ற ஒரு குழல் போதும். கனன் தானே கைவிட்ட வில்லையைக் கனனின் புதிய பெட்டி முப்பத்தோராண்டு கழிந்த பின் அறியாமலே ஏற்றுக்கொண்டது.

அந்தப் பெட்டி எமது கல்லூரிக்கு வாங்கக்கூடிய விலையில் இருந்ததில்லை. கலியாணப் படப்பிடிப்பினால் முன்னேறிய பழைய மாணவன் ஒருவனிடம் அது இருந்தது. 2022 ஆம் ஆண்டு நவராத்திரியின்போது வாணி விழாவுக்கு அவனை வரச்சொல்லி, குழலையும் கொண்டுவரும்படி பணித்தோம். அவ்வாண்டு நாடெங்கும் மின்வெட்டு நடந்தமை வாசகர் மறந்திரார். பூசை நடுவிலே மின்சாரம் நின்றது. மண்டபத்தில் இரண்டு குத்துவிளக்கும் சில அகல்களும் மாத்திரம் எரிந்தன. "சேர், இப்ப பிடிக்கட்டோ?" என்று அவன் கேட்டான். நான்கு மீற்றர் தூரத்தில், ஏடு திறந்து வைத்திருந்த ஒரு சிறுமியின் முகம். அத்தூரத்தில் துவாரத்தை முழுதுந் திறந்தாற் தெளிவின் ஆழம் ஏறத்தாழ 16 சதமமீற்றர். ஒரு சாணுக்கும் குறைவு. வில்லையைக் கையாற் திருகித் திரையிற் பெருப்பித்துப் பார்த்துப் பிடித்தான். கண்ணிமை மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. பின்னே நின்ற விளக்குச் சுடர்கள் மஞ்சட் பூக்களாக மலர்ந்திருந்தன. அன்றிரவே அப்படத்தை ரொறன்ரோவுக்கு அனுப்பினோம். பதினொரு வருடம் பிந்திய விடை. அம்மையார் எழுதியது ஒரே வரி: "அவரும் விளக்கு வெளிச்சத்திற் பிடிக்கத்தான் இதை வாங்கினவர்."

இத்தனையும் எழுதியதாற் கண்ணாடியற்ற பெட்டி எல்லாப் பிணிக்கும் மருந்தென்று எண்ணிவிட வேண்டாம். தூரம் பொருந்தினாலும் மற்றப் பொருத்தங்கள் பார்க்க வேண்டும். கனன் ஈ.எவ். வகை 85 மில்லிமீற்றர் 1.2 வில்லையின் துவாரம் மட்டுமன்றி, கையாற் திருகும் வளையமுங்கூட மின்சாரத்தினாலே இயங்குவது. மின்னிணைப்பற்ற வெறுங்குழலிற் பூட்டினால் திருகத் திருக அது கல்லுப்போலிருக்கும், பழைய எவ்.டி. வில்லையோ எந்தப் பெட்டியிலும் கைக்கு அடங்கி நடக்கும். நிக்கொனின் இசெட் பெட்டிக்கு அக்கம்பனியாரே குழல் விற்கின்றனர். ஆனால் பெட்டிக்குள்ளிருக்கும் மோட்டரால் இயங்கிய பழைய வில்லைகள் அக்குழலிற் தாமாகத் தெளிவு தேடமாட்டா. பிரசித்தி பெற்ற 105, 135 மில்லிமீற்றர் டி.சி. நிக்கோர்களும் அவ்வினத்தவையே. லைக்காவின் அகன்ற காட்சி வில்லைகளுக்கு வேறொரு சங்கடம்: பின் வில்லை தகட்டை அண்மி நிற்பதால் ஒளி ஓரங்களிற் பெருஞ்சரிவாக விழும், தகட்டின் மேலுள்ள பாதுகாப்புக் கண்ணாடி தடிப்பானதாயின் ஓரங்கள் மங்கும், சில வேளை நிறமும் மாறும். லைக்காவினர் தம் பெட்டிக்கு மெல்லிய கண்ணாடியிட்டு இதனைச் சமாளிக்கின்றனர். திரைப்பட வில்லைகள் பலவற்றின் ஒளிவட்டம் 36 க்கு 24 மில்லிமீற்றர்த் தகட்டை நிரப்பாது. நான்கு மூலையும் இருளும்.

இனி மட்டக்களப்புத் தாயாருக்கு விடை. உங்கள் மகனுடைய நிக்கொன் பெட்டியின் தூரம் 46.5. அந்த வில்லை ஈ.எவ். வகையெனின் 2.5 மில்லிமீற்றர் மிகை. கணக்கின்படி மூன்று மீற்றருக்கு அப்பால் எதுவும் தெளியாது. அதன் வளையமும் திரும்பாது. எவ்.டி. வகையெனின் மிகை 4.5, ஏறத்தாழ 1.7 மீற்றருக்கு அப்பால் மூடுபனி. மணமக்களின் மோதிரத்தைப் பிடிக்கலாம். மணவறையைப் பிடிக்க முடியாது. சும்மா தருவதாகச் சொல்லும் வளையத்தினுள்ளே கண்ணாடி இருந்தால் அதன் குணத்தை மேலே சொல்லிவிட்டோம். ஆகவே இந்தப் பெட்டிக்கு இந்த வில்லை வேண்டாம்.

நிக்கொனுக்கென்றே ஆக்கப்பட்ட பழைய 85 மில்லிமீற்றர் வில்லைகள், துவார எண் 1.4 உம் 1.8 உம், தேடினால் அகப்படும். முன்னே பெட்டியின் இலக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 3000, 5000 வரிசைப் பெட்டிகளிற் தெளிவு தேடும் மோட்டர் இல்லை. பழைய வில்லையைக் கையாற் திருகவேண்டி வரும். அதற்கு அவன் உடன்பட்டால் மகனைத் தன் பெட்டியையும் எடுத்துக்கொண்டு பகலிற் போகச் சொல்லுங்கள். வில்லையைப் பூட்டித் துவாரத்தை முழுதுந் திறந்து, கண்ணுக்கெட்டிய தொலைவிலுள்ள ஒரு தென்னையையோ கோயிற் கோபுரத்தையோ பிடித்துத் திரையிற் பெருப்பித்துப் பார்க்கட்டும். பின்பு கழற்றி, ஒரு கையில் மின்சூளை வைத்து வில்லையின் உட்புறத்தைச் சரித்துப் பார்க்கட்டும். வெண்ணிழை தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். சங்கிலி அதுவரை உங்கள் கழுத்திலேயே கிடக்கட்டும்.